ரிவெட் தெறித்த பிறகு: பழைய ஐபிஎம் விசைப்பலகைகளைச் செப்பனிடுவதில் எது அசல்?

பழைய ஐபிஎம் மாடல் எம் விசைப்பலகையை வாங்கப்போகிறவர் விவரம் தெரிந்தவராக இருந்தால், முதலில் எழுத்துகளைத் தட்டிப் பார்ப்பதில்லை. இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும் அந்தப் பலகையை இரு கைகளாலும் தூக்கிக் காதோரம் வைத்துக் குலுக்குகிறார். உள்ளே பொடிக்கல் உருள்வதுபோல் சத்தம் கேட்டால் விலை இறங்கிவிடும். அந்தச் சத்தத்துக்குக் காரணம் கடுகைவிடச் சற்றே பெரிய கறுப்புப் பிளாஸ்டிக் துணுக்குகள். முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஆலையில் சூட்டால் உருக்கி நசுக்கப்பட்ட ரிவெட்டுகளின் தலைகள் அவை. காலப்போக்கில் ஒவ்வொன்றாகத் தெறித்து, பெட்டிக்குள் உதிர்ந்து கிடக்கின்றன.

இந்தத் துணுக்குகளிலிருந்தே இக்கட்டுரையின் கேள்வி எழுகிறது. ஆலையில் லட்சக்கணக்கில் செய்யப்பட்ட பண்டம் ஒன்று பழுதாகும்போது அதில் எதைக் காப்பாற்றினால் அதை இன்னும் அசல் என்று சொல்லலாம்? அதன் பொருளையா, தோற்றத்தையா, வேலை செய்யும் விதத்தையா? மூன்றையும் ஒருசேரக் காப்பாற்ற முடிகிற பழுதுகள் குறைவு. பெரும்பாலும் ஒன்றை விட்டுக்கொடுத்தால்தான் இன்னொன்று கிடைக்கிறது. பழைய விசைப்பலகைகளைச் செப்பனிடுகிறவர்கள் நாள்தோறும் எடுக்கும் முடிவு இது. அந்த முடிவுகளுக்கு அடியில் இருக்கும் அளவுகோல்களை ஐபிஎம்மின் மாடல் எஃப், மாடல் எம் ஆகிய இரண்டையும் முதன்மைச் சான்றாகக் கொண்டு இங்கே பரிசீலிக்கலாம்.

அழியாத பலகை என்ற பெயர்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள லெக்சிங்டன் நகரத்துக்கு ஐபிஎம் 1956இல் மின் தட்டச்சுப்பொறிகள் செய்ய வந்தது. 1961இல் அறிமுகமான செலக்ட்ரிக் அந்த மரபின் உச்சம். தட்டச்சுப்பொறியில் பழகிய விரல்கள் கணினித் திரையின் முன் உட்கார்ந்தபோதும் அதே பதிலைத் தேடின. எழுத்து பதிந்துவிட்டது என்பதைக் கண்ணுக்கு முன்னால் விரலும் காதும் அறியவேண்டும். 1970களின் ஐபிஎம் முனையங்களில் இருந்த பீம் ஸ்பிரிங் விசைகள் இதற்காகவே உருவானவை. அவை பிரமாதமாக இயங்கின. ஆனால் உயரமும் செலவும் அதிகம்.

அதற்குப் பதிலாக ரிச்சர்ட் ஹன்டர் ஹாரிஸ் வடிவமைத்து 1978இல் காப்புரிமை பெற்ற அமைப்புதான் ‘வளைந்து மடியும் ஸ்பிரிங்’. இதன் எளிமை வியப்பூட்டுவது. ஒரு சின்னக் குழாய். அதற்குள் நிற்கும் ஒரு சுருள்வில். அதன் அடியில் முன்னும் பின்னும் ஆடக்கூடிய ஒரு சிறு சுத்தி. விசையை அழுத்தும்போது வில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது. ஓர் எல்லைக்கு மேல் நேராக நிற்க முடியாமல் பக்கவாட்டில் சட்டென்று மடிந்து குழாய்ச்சுவரில் மோதுகிறது. அதே கணத்தில் அடியில் இருக்கும் சுத்தி சாய்ந்து மின்குறிப்பை எழுப்புகிறது. விரல் உணரும் தளர்வும், காது கேட்கும் ‘டக்’கும், கணினிக்குப் போகும் செய்தியும் ஒரே நிகழ்வின் மூன்று முகங்கள். வேறு பல விசைகளில் ஒலிக்கென்று தனி உறுப்பு உண்டு. இங்கே ஒலியை எழுப்புவது வேலை செய்யும் வில்லேதான்.

1981இல் ஐபிஎம் பிசியோடு வந்த 83 விசைப் பலகை மாடல் எஃப் வகை. 1985இல் வெளிவரத் தொடங்கிய மாடல் எம் அதன் வாரிசு. அதன் 101 விசை அமைப்புதான் பின்னர் உலகின் மேசைக் கணினிகளுக்கெல்லாம் இலக்கணமானது. 1991இல் ஐபிஎம்மின் இந்தத் தொழில் லெக்ஸ்மார்க் என்னும் தனி நிறுவனமாகப் பிரிந்தது. 1996இல் லெக்ஸ்மார்க் விசைப்பலகைத் தயாரிப்பிலிருந்து விலக, அதே லெக்சிங்டனில் யூனிகாம்ப் என்ற சிறு நிறுவனம் அச்சுகளை வாங்கிக்கொண்டு உற்பத்தியைத் தொடர்ந்தது.

மாடல் எம் பற்றி எழுதப்பட்டவற்றில் திரும்பத் திரும்ப வரும் சொல் ‘அழியாதது’. இந்தப் பெயருக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. அதன் விசைமூடிகள் பிபிடி என்னும் கடினப் பிளாஸ்டிக்கால் ஆனவை. எழுத்துகள் மேற்பூச்சாக இல்லாமல், சாயத்தைச் சூட்டால் ஆவியாக்கிப் பிளாஸ்டிக்குக்குள் ஊடுருவச் செய்து பதிக்கப்பட்டவை. நாற்பது ஆண்டுத் தட்டலுக்குப் பிறகும் அவை அழிவதில்லை. பல்செட் கழுவும் மாத்திரையைக் கரைத்த வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்தால் ஆலையிலிருந்து வந்தவைபோல் வெளியே வருகின்றன. ஆனால் இந்தப் புகழ் கையில் படுகிற பாகத்தை மட்டுமே வைத்துக் கட்டப்பட்டது. உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மாடல் எம் தனக்கு முந்தைய பலகையைவிடப் பலவீனமானது.

ஒரே வில், இரண்டு கட்டுமானம்

மாடல் எஃபில் சுத்தியின் அடிப்புறம் மின்கடத்தும் தகடாக இருக்கிறது. கீழே மின்சுற்றுப் பலகை. சுத்தி சாயும்போது மின்தேக்கத்தின் அளவு மாறுகிறது; அந்த மாற்றத்தைக் கட்டுப்பாட்டுச் சிப்பு படிக்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை என்பதால் தேய்மானமும் இல்லை. ஒவ்வொரு விசைக்கும் தனித்தனிக் குழாய். எல்லாக் குழாய்களும் மேலும் கீழுமாக இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே செருகப்பட்டு, ஒரு நுரைப் பஞ்சின் அழுத்தத்தால் அசையாமல் நிற்கின்றன. இரண்டு தகடுகளையும் பிடித்திருப்பவை மடக்கிய உலோக நாக்குகள்.

இதில் பழுதாவது நுரைப் பஞ்சு. நாற்பது ஆண்டில் அது பொடியாக உதிர்கிறது, அல்லது பிசினாக ஒட்டிக்கொள்கிறது. குழாய்கள் ஆடத் தொடங்குகின்றன. சில விசைகள் செத்துப்போகின்றன. செப்பனிடுகிறவர் நாக்குகளை நெம்பி, ஒரு தகட்டை மற்றொன்றின்மேல் நழுவவிட்டுப் பிரிக்கிறார். பழைய பஞ்சைச் சுரண்டி எடுத்து, துருவைத் தேய்த்து வண்ணம் பூசி, குழாய்களுக்கு ஏற்றபடி துளையிட்ட புதுப் பஞ்சை விரித்து, தச்சர்களின் கிளாம்பால் இறுக்கி மறுபடி மூடுகிறார். பஞ்சின் கனம் ஒரு மயிரிழை கூடினால் தகடு மூடாது. குறைந்தால் குழாய் ஆடும். விசைமூடிகளைத் திரும்ப மாட்டும்போது பலகையைச் செங்குத்தாக நிறுத்திக்கொள்ள வேண்டும். படுக்கவைத்து மாட்டினால் வில் தடம் புரண்டு மடியும். பொறுமையைச் சோதிக்கிற வேலைதான். ஆனாலும் எதையும் உடைக்காமல் முடிகிறது. நாளை இன்னொருவர் இதைவிட நல்ல பஞ்சோடு வந்தால் அவரும் அதே நாக்குகளை நெம்பிப் பிரிக்கலாம்.

மாடல் எம் செலவைக் குறைக்கப் பிறந்தது. மின்தேக்கப் பலகைக்குப் பதிலாக, வெள்ளிக் கோடுகள் அச்சிட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் வந்தன. எட்வின் கோல்மன் 1985இல் பெற்ற காப்புரிமை, மடியும் வில்லின் அடியில் இருக்கும் சுத்தியால் அந்தத் தாள்களை அழுத்தவைக்கும் முறையைப் பற்றியது. தனித்தனிக் குழாய்கள் போய், எல்லாக் குழாய்களையும் ஒரே வார்ப்பாகக் கொண்ட பிளாஸ்டிக் தட்டு வந்தது. அந்தத் தட்டின் அடியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு பிளாஸ்டிக் குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை ரப்பர் விரிப்பையும் தாள்களையும் எஃகுத் தகட்டையும் துளைத்து மறுபக்கம் வர, அவற்றின் நுனிகளைச் சூட்டால் உருக்கித் தட்டையாக்கிவிட்டார்கள். ஸ்குரு இல்லை, நாக்கு இல்லை. ஒருமுறை மூடினால் மூடியதுதான்.

பிளாஸ்டிக் முதுமையடைந்து நொறுங்கும் தன்மை பெறும்போது இந்தத் தலைகள் தெறிக்கின்றன. ஒன்றிரண்டு போனால் ஒன்றும் ஆவதில்லை. பத்துப் பதினைந்து போனால் அந்தப் பகுதியில் தட்டுக்கும் தாளுக்கும் இடையிலான இறுக்கம் தளர்ந்து, விசை ஒருபக்கம் கடினமாகவும் மறுபக்கம் மந்தமாகவும் ஆகிறது. ஓசையின் கூர்மை மழுங்குகிறது. எவ்வளவு கவனமாக வைத்திருந்தாலும் இந்தக் கேட்டைத் தடுக்க முடிவதில்லை. பிரிக்காத அட்டைப்பெட்டியில் தூங்கிய பலகைகளிலும் ரிவெட் உதிர்ந்து கிடப்பதுண்டு.

ஆகவே ‘அழியாத பலகை’ என்ற பொது நம்பிக்கையைத் திருத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. செலவு கூடிய மாடல் எஃப் கெட்டுப்போகும். ஆனால் திறந்து சரிசெய்யலாம். மலிவாக்கப்பட்ட மாடல் எம் நெடுநாள் கெடாது. கெட்டால் உடைக்காமல் திறக்க முடியாது. இன்று செப்பனிடுகிறவர் எதிர்கொள்ளும் அறச்சிக்கல் 1980களின் வடிவமைப்பு மேசையில் எடுத்த சிக்கன முடிவின் நேர் விளைவு.

துளையிடலாமா?

ரிவெட் தெறித்த மாடல் எம்முக்குப் பரவலாகச் செய்யப்படும் வைத்தியம் ‘போல்ட் மாற்று’. பெட்டியின் பின்புறம் ஆழத்தில் இருக்கும் நான்கு அறுகோண ஸ்குருக்களை 5.5 மி.மீ. சாக்கெட்டால் கழற்றி, மூடிகளை எல்லாம் பிடுங்கி, மிச்சமிருக்கும் ரிவெட் தலைகளையும் உளியால் சீவி எடுக்கிறார்கள். தகட்டைத் தூக்கியதும் நூற்றுக்கு மேற்பட்ட வில்களும் சுத்திகளும் கையில் கொட்டிவிடும் நிலை. பிறகு ஒவ்வொரு குச்சியின் நடுவிலும் ஏறத்தாழ 1.5 மி.மீ. டிரில்லால் துளையிட்டு, 2 மி.மீ. விட்டமுள்ள ஸ்குருவைச் செருகி, பின்னால் நட்டு முடுக்குகிறார்கள். முன்விளிம்பில் சில துளைகளுக்கு நட்டு வைக்க இடமே இருக்காது. டிரில் ஒரு நூல் விலகினால் குழாய்த்தட்டில் ஓட்டை விழும். அது திரும்ப வளராது.

இந்த வேலைக்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. நினைவுச்சின்னங்களைப் பேணுவதற்கான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்புப்பணி நின்றுவிட வேண்டும் என்ற நெறியை வகுத்தது. அதற்கு முந்தைய ஆண்டில் வெளியான சேசரே பிராந்தியின் மீட்புக் கோட்பாட்டு நூலும், இன்று செய்யும் வேலை நாளைய மீட்புக்குத் தடையாகக் கூடாது என்ற சிந்தனைக்கு வலு சேர்த்தது. இந்த அளவுகோலில் போல்ட் மாற்று தோற்றுப்போகிறது. சீவிய ரிவெட் மறுபடி ரிவெட் ஆகாது. மாடல் எம் எப்படிச் செய்யப்பட்டது என்பதற்கான நேரடிச் சான்று, அந்த உருகிய தலைகள், வேலையின் முதல் அரைமணியிலேயே குப்பைக்குப் போகின்றன.

அருங்காட்சியகத்துக்கு இந்த வாதம் பொருந்தும். கண்ணாடிப் பேழைக்குள் போகும் பலகை தட்டப்படப் போவதில்லை. உதிர்ந்த துணுக்குகளை ஒரு சிறு உறையில் இட்டுப் பக்கத்தில் வைத்தால் போதும். ஆனால் இங்கே ஒரு வேறுபாடு இருக்கிறது. ஓவியம் பார்க்கப்படுவதற்காக இருக்கிறது, விசைப்பலகை அழுத்தப்படுவதற்காக. ஹாரிஸ் கண்டுபிடித்தது ஒரு நிகழ்வு: வில் மடியும் அந்தக் கணம். இறுக்கம் தளர்ந்த பலகையில் அந்தக் கணம் நிகழ்வதில்லை, அல்லது சிதைந்து நிகழ்கிறது. எல்லா ரிவெட் எச்சங்களோடும் பத்திரமாக இருக்கும் செயலற்ற பலகையில் பொருள் இருக்கிறது, கண்டுபிடிப்பு இல்லை. எனவே பொருளில் ஐம்பது புள்ளிகளை இழந்து இயக்கத்தை மீட்கும் போல்ட் மாற்று, மீளாத தலையீடாக இருந்தும், இந்தப் பண்டத்துக்கு உண்மையானது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: ஒருமுறை நட்டு போட்ட பலகையை அதன்பின் எத்தனை முறை வேண்டுமானாலும் பிரிக்கலாம். ஆலை கொடுக்காத திறப்பை அது கொடுக்கிறது.

ஆனாலும் ஓர் ஐயம் மிஞ்சுகிறது. எஃகு ஸ்குரு பிளாஸ்டிக் ரிவெட்டைவிட இறுக்கிப் பிடிக்கும். போல்ட் மாற்றிய பலகையின் தட்டலோசை கூர்மையாகவும், அழுத்தம் திட்டவட்டமாகவும் இருப்பதைச் செய்தவர்கள் பெருமையோடு சொல்கிறார்கள். 1986இல் ஆலையிலிருந்து வந்தபோது இருந்த உணர்வா அது? ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. பயன்படுத்தாமல் வைத்திருந்தவற்றின் ரிவெட்டுகளும் இதே காலத்தில் முதுமையடைந்தவை. ‘அசல் தொடுகை’ என்று சொல்லப்படுவது, ஓரளவுக்கு, வெனிஸ் சாசனம் எச்சரித்த ஊகம்தான். இதை ஒப்புக்கொள்கிற செப்பனிடுநர் நட்டுகளை அளவோடு முடுக்குகிறார். மிகையாக இறுக்கினால் தட்டே வளைந்துவிடும் என்பது அவருக்குத் துணை நிற்கும் நடைமுறைக் காரணம்.

மஞ்சளை வெளுப்பது

இயக்கத்துக்காகச் செய்யும் தலையீட்டுக்கு நேர்மாறானது தோற்றத்துக்காகச் செய்வது. பழைய ஏபிஎஸ் பிளாஸ்டிக் பழுத்த மஞ்சளாக மாறுவது எல்லாருக்கும் தெரிந்த காட்சி. 1987இல் வந்த ஆப்பிள் எக்ஸ்டெண்டட் கீபோர்டில் இதன் விநோத வடிவத்தைக் காணலாம். எழுத்து விசைகள் பிபிடியால் ஆனவை. நிறம் மாறாமல் நிற்கின்றன. நீளமாக வார்த்தால் பிபிடி கோணிக்கொள்ளும் என்பதால் இடைவெளிப் பட்டை மட்டும் ஏபிஎஸ். அது மஞ்சளாகிப் பக்கத்து வீட்டுக்காரர்போல் தனித்துத் தெரிகிறது.

2008இல் பழங்கணினி ஆர்வலர்களிடையே ஹைட்ரஜன் பெராக்சைடும் புற ஊதா ஒளியும் சேர்ந்து மஞ்சளை நீக்கும் முறை பரவியது. முடிக்குச் சாயம் போடும் கடைகளில் கிடைக்கும் 12 சதவீதப் பெராக்சைடு களிம்பைத் தடவி, பிளாஸ்டிக் உறையால் சுற்றி வெயிலில் வைப்பது பரவலான செய்முறை. விளைவு உடனே தெரியும். புகைப்படத்தில் மாயம்போல் இருக்கும். மஞ்சளுக்குக் காரணம் தீ பரவாமல் இருக்கச் சேர்த்த புரோமின் சேர்மங்கள் என்பது தொடக்கத்தில் சொல்லப்பட்ட விளக்கம். ஏபிஎஸ்ஸில் உள்ள பியூட்டாடையீன் பகுதி ஒளியாலும் காற்றாலும் ஆக்சிஜனேற்றம் அடைவது மற்றொரு விளக்கம். இரண்டில் எது எந்த அளவுக்கு என்பது பிளாஸ்டிக்குக்குப் பிளாஸ்டிக் வேறுபடும்.

நோயின் காரணம் தீராத நிலையில் செய்யும் வைத்தியம் இது என்பதை மறைக்கக் கூடாது. களிம்பு சீராகப் படாத இடத்தில் பளிங்குக்கோடுகள்போல் வெள்ளைத் திட்டுகள் விழுகின்றன. அவற்றைத் திருப்ப முடியாது. வெளுத்த பலகைகள் சில ஆண்டுகளில் மறுபடி மஞ்சளாவதும் உண்டு. போல்ட் மாற்றும் மீளாதது, வெளுப்பதும் மீளாதது. முன்னது இழப்புக்கு ஈடாக இயக்கத்தைத் தருகிறது; பின்னது தற்காலிகத் தோற்றத்தைத் தருகிறது. சன்னலோரம் வைத்திருந்த பலகையின் ஒருபக்கம் மட்டும் மஞ்சளாக இருப்பது அது எங்கே இருந்தது, எப்படி இருந்தது என்பதற்கான தடயம். அழுக்கு வேறு, தடயம் வேறு. அழுக்கைக் கழுவத் தயங்க வேண்டியதில்லை.

கொடைப் பலகைகளின் கணக்கு

மிகக் கடினமான கேள்வி உதிரிபாகத்தில் வருகிறது. ஆப்பிள் பலகையில் இருந்த ஆல்ப்ஸ் விசைகள் தூசிக்கு அஞ்சுபவை. உள்ளே மணல்துகள் புகுந்து ஆண்டுக்கணக்கில் உரசினால் வழவழப்பு போய்விடும்; கழுவினாலும், உலர் எண்ணெய் இட்டாலும் தேய்ந்த பிளாஸ்டிக் திரும்பாது. அப்போது தேவைப்படுவது நல்ல விசைகள் உள்ள இன்னொரு பலகை. செர்ரி நிறுவனத்தின் 1980களின் கறுப்பு எம்எக்ஸ் விசைகளுக்கும் இதே தேவை. அவற்றின் வழுக்கல் பிற்காலத் தயாரிப்பில் இல்லை என்று கருதும் ஆர்வலர்கள், வைஸ் போன்ற முனையங்களின் பலகைகளிலிருந்து அவற்றைச் சூட்டுக்கோலால் பிடுங்கிப் புதிய பலகைகளில் பொருத்துகிறார்கள்.

ஒன்றை மீட்க மற்றொன்றைக் கொல்வதை மீட்பு என்று அழைக்கலாமா? கணினி சேகரிப்பாளர்களின் மனக்குறை நியாயமானது. அன்றைய முனையங்கள் பலவும் தம் சொந்த விசைப்பலகையோடு மட்டுமே பேசும். பலகை போய்விட்டால் முனையம் வெறும் கண்ணாடிக்குடம். சந்தையில் பலகைக்கு இருக்கும் விலை முனையத்துக்கு இல்லாததால், ஜோடி பிரிகிறது. உடைந்த பலகையிலிருந்து எடுப்பதையும், ஓடிக்கொண்டிருக்கும் முழு ஜோடியைப் பிரிப்பதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. முதலாவது செப்பனிடும் கலையின் இயல்பான பகுதி; இரண்டாவதை அப்பெயரால் அழைப்பது பொருந்தாது.

ஐபிஎம் பலகைகளுக்கு இந்த நெருக்கடி குறைவு என்பது அவற்றின் அதிர்ஷ்டம். மாடல் எம்முக்கான தாள்களும் வில்களும் யூனிகாம்பிடம் இன்றும் கிடைக்கின்றன. காப்பி சிந்தி வெள்ளிக் கோடுகள் அரித்துப்போன பலகைக்கு இன்னொரு பழைய பலகையை அறுக்க வேண்டியதில்லை. மாடல் எஃபை மூல வடிவமைப்பைப் பின்பற்றிப் புதிதாகவே வார்க்கும் முயற்சி 2010களில் அமெரிக்காவில் தொடங்கி, பல்லாயிரம் மைல் தாண்டியும் வாங்குவோரைக் கண்டது. நாற்பதாண்டுப் பழைய பலகை ஒன்றின் குழாயோ சுத்தியோ உடைந்தால் இன்று புதிதாக வார்த்ததைப் போடலாம்.

கம்பியின் நுனியில்

கடைசியாக, இணைப்பு. 1981இன் பலகை பேசும் மொழி வேறு. 1984இல் ஐபிஎம் ஏடி கணினியோடு வந்த பலகை பேசும் மொழி வேறு. முன்னது கணினிக்குச் சொல்லும், கணினி சொல்வதைக் கேட்காது. பின்னதில் இருவழிப் பேச்சு உண்டு. 1987இல் வந்த பிஎஸ்/2 இணைப்பும் அதே மொழியைப் பேசுவதால், பிளக்கை மாற்றினாலே போதும். 1981 பலகைக்கு நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்: சிறு சிப்பு பொருத்திய யுஎஸ்பி மாற்றி.

இதை இரண்டு விதமாகச் செய்யலாம். மூலக் கம்பியின் நுனியில் மாற்றியை வெளியே செருகுவது ஒன்று. கம்பியை வெட்டி, உள்ளிருக்கும் இன்டெல் 8048 சிப்பு உள்ள பலகையை எடுத்துவிட்டுப் புதிய கட்டுப்பாட்டுப் பலகையை வைப்பது மற்றொன்று. மேசையில் இரண்டாவது அழகு. முதலாவதில் எதுவும் வெட்டப்படுவதில்லை. மூலச் சிப்பு உயிரோடு இருக்கும்வரை வெளியே செருகுவதே தகும். அது செத்துப்போயிருந்தால் உள்ளே மாற்றலாம், ஆனால் பழையதைத் தூக்கியெறியாமல் ஓர் உறையில் இட்டுப் பெட்டியோடு வைக்கவேண்டும்.

மாடல் எம்மின் அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். பாக எண், தயாரித்த தேதி எல்லாம் அதில் உண்டு. சேகரிப்பாளர்கள் அதைப் பிறப்புச் சான்றிதழ் என்கிறார்கள். பலகையைக் கழுவும்போது அதை நனைக்காமல் காப்பது இத்தொழிலில் முதலில் கற்பிக்கப்படும் பாடம். பிற்காலச் செப்பனிடலுக்கு இப்படியொரு சீட்டு வைக்கும் வழக்கம் இன்னும் பொதுவாகவில்லை. எந்த ஆண்டில் எத்தனை ரிவெட் சீவப்பட்டன, ஸ்குருவின் அளவு என்ன, தாள் பழையதா புதியதா, பஞ்சின் கனம் எவ்வளவு, வெளுத்தது உண்டா என்று ஐந்து வரி எழுதிப் பெட்டிக்குள்ளே ஒட்ட ஐந்து நிமிடம் ஆகும். அடுத்த முப்பது ஆண்டு கழித்து அந்தப் பலகையைத் திறப்பவர், நட்டுகளைப் பார்த்து எது ஆலையின் வேலை, எது பின்னவர் வேலை என்று ஊகிக்க வேண்டியிராது. எஃகுத் தகட்டின் பின்புறத்தில் அதற்கு வேண்டிய இடம் இருக்கிறது.